முடிவு தெரியாமல் நடிக்கட்டும்

கேள்வி: வணக்கம் ஐயா. எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ‘ஐரோப்பியர்களின் வருகை’ பாடத்தைப் போன வருடம் வெறுமனே வாசித்துக் காட்டாமல், வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததைப் பிள்ளைகளை நடிக்க வைத்தேன். காமாவாக வந்த பையன் முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு, அட்டை வாளோடு வந்தான். மன்னராக இருந்தவன் மாலை போட்டு வரவேற்றான். வகுப்பே கைதட்டியது. அரபு வணிகர்களாக நின்ற மூன்று பேரை மட்டும் மற்றவர்கள் ‘சதிகாரன், சதிகாரன்’ என்று கேலி செய்தார்கள். அந்த மூவரில் ஒருவன் முஸ்லிம் பையன். மறுநாள் அவன் அப்பா வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. ‘இதைத்தான் டீச்சர் சொல்லிக்குடுக்கிறீங்களா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இந்த வருடம் முழு உண்மையையும் காட்டிவிட வேண்டும், 1502இல் காமா பயணிகள் கப்பலை எரித்ததையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சக ஆசிரியர்கள் ‘வம்பே வேண்டாம், நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்கிறார்கள். தலைமையாசிரியரோ ஆண்டு விழாவிலேயே போடலாம் என்கிறார். வகுப்பில் 42 பேர், பீரியட் நாற்பது நிமிடம். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதே சமயம் கப்பலை எரிக்கவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

போன வருடம் நடந்ததில் எனக்குப் படுகிற முதல் குறை பவுடரும் மாலையும் அல்ல. மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் கதை எப்படி முடியும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதுதான் குறை. காமா ஜெயிக்கப்போகிறவன் என்று தெரியும், அதனால் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். வணிகர்கள் வில்லன்கள் என்று தெரியும், அதனால் அவர்கள் வந்ததுமே கூச்சல். 1498 மே மாதத்தில் அந்தக் கரையில் நின்ற யாருக்கும் இது எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தால்தான் நடிப்புக்கு வகுப்பில் வேலை. இல்லையென்றால் பாடநூலையே வேஷம் கட்டி வாசித்ததாக ஆகும்.

உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தால், உங்களுக்கு அட்டை வாளே தேவைப்படாது. 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களில் 170 பேர் அளவில் கிளம்பினார்கள். பத்து மாதம் கடலில் கிடந்து, ஸ்கர்வி நோயில் பலரைப் பறிகொடுத்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் ஏற்றிக்கொண்ட ஒரு மாலுமி வழிகாட்ட, மே 20ஆம் தேதி கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் போட்டார்கள். களைத்துப்போன, கையில் பெரிதாக எதுவும் இல்லாத கூட்டம் அது. அவர்கள் வந்து சேர்ந்த துறைமுகமோ அரேபியா, குஜராத், பாரசீகம் என்று பல கரைகளின் வணிகர்களைப் பார்த்தது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தின் மாபெரும் கப்பற்படை செங் ஹோவின் தலைமையில் வந்து போன இடம். அங்கே மிஞ்சி வந்த மூன்று கப்பல் பெரிய சங்கதியே இல்லை.

காமா முதலில் தான் இறங்கவில்லை. தண்டனைக் கைதி ஒருவரைக் கரைக்கு அனுப்பினார். அவரை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியது வட ஆப்பிரிக்காவின் துனிஸ் ஊர்க்காரர்கள் இருவரிடம். ஸ்பெயின் பேச்சு தெரிந்த அந்த இருவரும் ‘சைத்தான் உன்னைக் கொண்டுபோக! இங்கே எதற்கு வந்தாய்?’ என்கிற மாதிரி கேட்டார்கள். கிறிஸ்தவர்களையும் மசாலாப் பொருள்களையும் தேடி வந்தோம் என்று பதில். இந்தக் காட்சியை எந்த வகுப்பில் போட்டாலும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும். ‘இந்தியாவைக் கண்டுபிடித்தவர்’ என்ற பட்டம் அந்தச் சிரிப்பிலேயே பாதி கழன்றுவிடும். வந்து இறங்கியவனிடம் அவன் ஊர்ப் பக்கத்துப் பேச்சிலேயே ஒருவர் விசாரிக்கிறார் என்றால் யார் யாரைக் கண்டுபிடித்தது?

ஆனால் நீங்கள் மையமாக எடுக்க வேண்டிய காட்சி அது அல்ல, பரிசுக் காட்சி. மே 28ஆம் தேதி காமா பதின்மூன்று பேரோடு மன்னரைப் பார்க்கப் போனார். அவர்களில் ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மன்னர் பச்சை வெல்வெட் விரித்த ஆசனத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், பக்கத்தில் தங்கப் படிக்கம் இருந்தது என்று அதில் வருகிறது. மறுநாள் மன்னருக்குக் கொடுக்க காமா எடுத்து வைத்த பொருள்களின் பட்டியலும் அதில் இருக்கிறது: துணி 12, சிவப்புத் தலையணி 4, தொப்பி 6, பவழச் சரம் 4, கை கழுவும் கிண்ணம் 6, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். பார்வையிட வந்த அரசு அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், கொடுப்பதென்றால் பொன் கொடு என்றார்கள். பிறகு மன்னரே கேட்டார்: நீ தேடி வந்தது கற்களையா, மனிதர்களையா? மனிதர்களை என்றால் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை?

இதைவிட நல்ல நாடகம் எங்கே கிடைக்கும் சொல்லுங்கள். பரிசுப் பட்டியலை அப்படியே ஒரு சார்ட் அட்டையில் எழுதி மேசைமேல் வையுங்கள். பொருள்களே வேண்டாம், பட்டியல் போதும். அதிகாரியாக இருக்கும் பிள்ளைகள் நான்கு பேர் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும்: இதை மன்னரிடம் கொண்டுபோவதா, திருப்பி அனுப்புவதா? காமா பக்கத்துப் பிள்ளைகள் என்ன சமாதானம் சொல்வது என்று தங்களுக்குள் பேசட்டும். யாருக்கும் வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். வசனம் கொடுத்தால் மனப்பாடம் செய்வார்கள், யோசிக்கமாட்டார்கள்.

வசனத்துக்குப் பதிலாகச் சீட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, அதில் அந்த ஆளுக்கு அன்று தெரிந்தது மட்டும். உதாரணத்துக்குச் சுங்க அதிகாரியின் சீட்டு இப்படி இருக்கலாம்: “நீ துறைமுகத்தில் தீர்வை வசூலிப்பவன். எந்த நாட்டு வணிகனும் தீர்வை கட்டாமல் கிளம்பியது இல்லை. தீர்வை வராவிட்டால் மன்னர் உன்னைத்தான் கேட்பார். புதிதாக வந்தவர்களின் சரக்கு விலைபோகவில்லை என்று கேள்விப்படுகிறாய்.” அவ்வளவுதான். மாலிந்தியில் ஏறிய மாலுமிக்கு வேறு சீட்டு: “இந்தக் காற்றில் 23 நாளில் கடலைக் கடக்க வைத்தாய். திரும்பிப் போக எதிர்க்காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். உன்னை யாரும் கேட்கவில்லை.” காமா அந்தக் காற்றுக்குக் காத்திருக்காமல்தான் கிளம்பினார். திரும்புகிற வழியில் அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது, ஆட்கள் செத்துக்கொண்டே போனார்கள். ஆனால் அதை மாலுமியின் சீட்டில் எழுதிவிடாதீர்கள். பின்னால் வரப்போவது எதுவும் எந்தச் சீட்டிலும் இருக்கக்கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பரவாயில்லை.

வேஷத்தைப் பொறுத்தவரை பவுடர், கரி, ஒட்டுத்தாடி, குல்லா எதுவும் வேண்டாம். கழுத்தில் நூலில் தொங்கும் சீட்டுதான் வேஷம். தோல் நிறத்தையோ மதத்தையோ நடிக்கச் சொன்னால் பிள்ளைகள் கேலிச்சித்திரத்தைத்தான் நடிப்பார்கள், அவர்கள் பார்த்திருப்பது அதுதான். வேலையை நடிக்கச் சொல்லுங்கள். எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், மிளகுத் தரகர், படகோட்டி, கப்பல் கணக்கர். தரகன் தரகனாக யோசிப்பான். சீட்டைக் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். அப்போது வழக்கமாகப் பின்பெஞ்சில் இருப்பவன் படகோட்டியாகவும் முதல் ரேங்க் வாங்குபவன் மன்னராகவும் ஆகிற பழைய கதை நடக்காது.

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான்.

அரபு வணிகர்கள் மன்னரின் மனத்தைக் கெடுத்தார்கள் என்ற கதை எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியர் எழுதியதிலிருந்து. அவர்களுடைய சரக்கு விலைபோகாததற்கு அவர்கள் சொன்ன காரணம் அது. வணிகர்கள் அவர்களை வெறுத்தது உண்மைதான், தரையில் துப்பிக் காட்டினார்கள் என்று நாட்குறிப்பே சொல்கிறது. போட்டிக்கு வந்தவனை எந்தச் சந்தையும் மாலை போட்டு வரவேற்காது. ஆனால் அதே நாட்குறிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. போர்த்துகலில் 300 ரெய்ஸ் (அந்த நாட்டுக் காசு) பெறுகிற நல்ல சட்டை இங்கே 30 ரெய்ஸுக்குத்தான் போனது. மாலுமிகள் ஊருக்குக் கொஞ்சம் கிராம்பும் பட்டையும் வாங்கிப்போக வேண்டும் என்று தங்கள் சட்டையையும் காப்பையும் விற்றார்கள். மலபாரின் வெயிலில் அவர்கள் கொண்டுவந்த துணி யாருக்கு வேண்டும்? சரக்கு சரியில்லை என்பதற்குச் சதி தேவையில்லை. இன்னொன்று, அவர்களுக்கு அந்த மூன்று மாதமும் அதிகம் உதவியவர் அந்தத் துனிஸ்காரர்களில் ஒருவர், ஒரு முஸ்லிம். கடைசியில் அவர்களோடேயே கப்பலேறிப் போய்விட்டார். வணிகர்கள் சீட்டை எழுதும்போது இதையெல்லாம் வைத்து எழுதுங்கள். “உன் தாத்தா காலத்திலிருந்து இந்தத் துறைமுகத்தில் வியாபாரம். புதிதாக வந்தவர்கள் யார், எவ்வளவு வாங்குவார்கள், விலை ஏறுமா என்று உனக்குக் கவலை.” இந்தச் சீட்டை எந்த மதத்துப் பிள்ளை வாங்கினாலும் கவலைப்படும் வியாபாரியாகத்தான் நடிக்கும்.

மூன்றாவது காட்சி ஆகஸ்டில். காமா கிளம்பப் பார்க்கிறார். துறைமுக வழக்கப்படி 600 செராபின் (அக்கால நாணயம்) கட்டிவிட்டுப் போ என்கிறார் மன்னர். கரையிலிருந்த சரக்கும் அதைக் காவல் காத்த போர்த்துகீசியரும் பிடித்து வைக்கப்படுகிறார்கள். பதிலுக்கு, கப்பலைப் பார்க்க வந்த உள்ளூர்க்காரர்களில் ஒரு பகுதியினரைக் காமா பிணையாகப் பிடித்து வைக்கிறார். இரண்டு பக்கமும் தன் பக்கம்தான் நியாயம் என்று உறுதியாக நம்புகிற இடம் இது. வகுப்பை இரண்டாகப் பிரித்து இங்கே பேச்சுவார்த்தை நடத்த விடுங்கள். பத்து நிமிடம் போதும். ஒருவேளை உங்கள் பிள்ளைகள் சமாதானமாகவே முடித்துவிடுவார்கள். தடுக்காதீர்கள். அப்புறம் நடந்ததைச் சொல்லுங்கள்: பிடிபட்ட போர்த்துகீசியர் திரும்பி வந்தார்கள், பிணையாகப் பிடித்தவர்களில் சிலரைக் காமா விட்டார், ஐந்தாறு பேரை விடாமல் கப்பலிலேயே வைத்துக்கொண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி பாய் விரித்தார். நாம் ஏன் வேறு மாதிரி முடித்தோம், அவர்கள் ஏன் முடிக்கவில்லை என்ற கேள்வியை அந்த இடத்தில் பிள்ளைகளே கேட்பார்கள்.

‘அன்றைக்கே துரத்தியிருந்தால் ஆங்கிலேயனும் வந்திருக்கமாட்டான் இல்ல டீச்சர்?’ என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். எல்லா வகுப்பிலும் கேட்கிறார்கள். சுங்க அதிகாரியின் சீட்டை அவனிடமே கொடுத்து, ‘இதில் இருப்பதை மட்டும் வைத்துத் துரத்துவாயா?’ என்று கேளுங்கள். தீர்வை கட்டும் வணிகன் எந்தத் துறைமுகத்துக்கும் வரவுதான்.

நடிக்காமல் மிச்சமிருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். 42 பேரில் பதினைந்து பேருக்குமேல் ஒரே நேரத்தில் பேச முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். மீதிப் பேரில் பாதியைக் கப்பல் எழுத்தர்களாகவும் பாதியை அரண்மனை எழுத்தர்களாகவும் ஆக்குங்கள். பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கப்பல் எழுத்தர்கள் ஜன்னல் பக்கம், அரண்மனை எழுத்தர்கள் கரும்பலகைப் பக்கம். பார்த்ததை ஐந்தாறு வரிகளில் தங்கள் முதலாளிக்கு எழுத வேண்டும். காட்சி முடிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பரிசுக் காட்சியை ஒருத்தி ‘எங்கள் கேப்டனை அவமானப்படுத்திவிட்டார்கள்’ என்று எழுதியிருப்பாள், எதிர்ப்பக்கத்தில் ஒருவன் ‘ஆறு தொப்பி கொண்டுவந்து மன்னரை அவமானப்படுத்தினார்கள்’ என்று எழுதியிருப்பான்.

அந்த நிமிடத்தில் சொல்லுங்கள்: நம்மிடம் இன்று இருப்பது கப்பல் எழுத்தர் எழுதியது மட்டும்தான். அந்த முதல் சந்திப்பைப் பற்றி அரண்மனைப் பக்கத்திலிருந்து அதேபோல ஒரு நாட்குறிப்பு நம் கைக்கு வரவில்லை. மன்னர் போர்த்துகல் அரசருக்கு அனுப்பிய ஓலையின் வாசகம்கூட அந்தக் கப்பல் நாட்குறிப்பு வழியாகத்தான் தெரியும். என் நாட்டில் பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, ரத்தினங்கள் இருக்கின்றன, பதிலுக்குப் பொன், வெள்ளி, பவழம், சிவப்புத் துணி வேண்டும் என்று அதில் இருந்ததாம். மலபார் பக்கத்துக் குரல் எழுத்தில் விரிவாக வருவது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொன்னானி அறிஞர் ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய வரலாற்றில். அதற்குள் சண்டை முற்றி, இரண்டு தலைமுறை போய்விட்டது. அரண்மனை எழுத்தர்களாக இருந்த பிள்ளைகளுக்கு இது உடனே சுருக்கென்று படும், ஏனென்றால் கிழிந்து போனது அவர்களுடைய தாள்.

இனி 1502. நடிக்கக்கூடாது என்று நான் சொல்வது மூடி மறைக்க அல்ல. மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலைப் பிடித்து, பொருளைப் பறித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பேரோடு அதை எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எழுதிவைத்ததும் அதே கப்பற்படையில் வந்த ஒரு போர்த்துகீசியர்தான், தோமே லோபஸ் என்று பெயர். பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இதை நடிக்கச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். கூச்சத்தில் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு அந்த முஸ்லிம் பையன் காதில் விழும். அல்லது ஒரு பிள்ளை நிஜமாகவே உடைந்துபோகும். அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் அடிமை வியாபாரத்தை ‘உணர வைக்கிறோம்’ என்று பிள்ளைகளையே அடிமைகளாக நடிக்க வைத்து, பெற்றோர் கொதித்து, பள்ளிகள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அரை மணி நேரம் நடித்துப் பார்த்து ‘எங்களுக்கு அந்த வலி தெரியும்’ என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்வதும் பொய்தான்.

அதனால் 1498ஐ நடியுங்கள், 1500ஐயும் 1502ஐயும் வாசியுங்கள். அடுத்த பீரியடில், சீட்டு இல்லாமல், எல்லோரும் அவரவர் இடத்தில். 1500இல் அடுத்த போர்த்துகீசியக் கப்பற்படையோடு கப்ரால் வந்ததும், கரையிலிருந்த போர்த்துகீசியப் பண்டகசாலை தாக்கப்பட்டு ஐம்பது பேருக்குமேல் கொல்லப்பட்டதும், அவர் துறைமுகத்திலிருந்த கப்பல்களைப் பிடித்து ஆட்களைக் கொன்று நகரத்தைப் பீரங்கியால் அடித்ததும் முதலில். பிறகு 1502. உங்கள் குரலில், மெதுவாக, நீங்களே வாசித்தால் போதும். பேச வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். முக்கியமாக, அந்தப் பையன் பக்கம் திரும்பி ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு சமூகத்துக்காகப் பதில் சொல்லும் பொறுப்பு எட்டாம் வகுப்புப் பையனுடையது அல்ல.

நடித்த அன்று மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே காட்சியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொருவரும் சீட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரட்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் போன வருடம் அந்த மூவரும் ‘சதிகாரன்’ என்ற பெயரோடேயே விளையாட்டு மைதானத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மதிப்பெண் போடுவதாக இருந்தால் நடிப்புக்குப் போடாதீர்கள். ‘நீ எடுத்த ஒரு முடிவு என்ன, உன் சீட்டில் இருந்த எந்த விஷயத்தால் அதை எடுத்தாய்?’ என்று நோட்டில் எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள்.

அந்த அப்பாவை முன்கூட்டியே ஒரு நாள் கூப்பிட்டு வணிகர் சீட்டைக் காட்டுங்கள். விளக்கம் அதிகம் வேண்டாம், படித்துப் பார்க்கட்டும். திருத்தம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற பெற்றோருக்கும் பாடம் நடக்கும் வாரத்தில் நாலு வரியில் ஒரு தகவல் அனுப்பினால் நல்லது.

ஆண்டு விழா மட்டும் வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மைக், ஸ்பாட்லைட், முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் என்று வந்துவிட்டால் நாடகத்துக்கு ஹீரோ வேண்டும், வில்லன் வேண்டும், அட்டை வாள் தானாகத் திரும்பி வந்துவிடும். அவர் விடாப்பிடியாக நின்றால் பரிசுக் காட்சியை மட்டும் பத்து நிமிடத்துக்குக் கொடுங்கள். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஓர் எழுத்தர் உட்கார்ந்து, அவரவர் எழுதியதைச் சபைக்கு வாசிக்கட்டும். சிறப்பு விருந்தினர் எந்த எழுத்தருக்குக் கைதட்டுகிறார் என்று அடுத்த வாரம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.